கடைசி அலகில் கிடக்கும் பாடம்: பல்கலைக்கழகங்களில் முதலீட்டுத் தொகுப்பு மேலாண்மை

வணிகவியலும் மேலாண்மையும் சொல்லித்தரும் நம் கல்லூரிகளில் 'எஸ்.ஏ.பி.எம்.' என்றாலே எந்தத் தாள் என்று தெரிந்துவிடும். 'செக்யூரிட்டி அனாலிசிஸ் அண்ட் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மெண்ட்' என்பதன் சுருக்கம் அது. எம்.காம்., எம்.பி.ஏ. படிப்புகளில் நிதித் துறையை எடுக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் இந்தத் தாளை எழுதித்தான் வெளியே வருகிறார்கள். பங்கின் மதிப்பைக் கணக்கிடுவது, பீட்டா காண்பது, ஷார்ப் விகிதம் போடுவது என எல்லாவற்றுக்கும் சூத்திரம் உண்டு. சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் மதிப்பெண் உண்டு.

கல்லூரிக்கு வெளியே நிலவரம் வேறு. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 முடிவில் 18 கோடியைத் தாண்டிவிட்டன. அதே 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைகளின் ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் பணத்தை இழந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இந்த வர்த்தகர்களில் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவிகிதத்திலிருந்து 43 சதவிகிதமாக ஏறியது. நேற்றுவரை வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் கணிசமாக இருப்பார்கள்.

இதற்கெல்லாம் பாடத்திட்டத்தைக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்கவும் முடியாது. முதலீட்டுத் தொகுப்பு மேலாண்மை என்று பல்கலைக்கழகம் எதைக் கற்பிக்கிறது? அதில் எது ஆராய்ச்சியின் சோதனையில் தேறியது? கற்பிக்கும் முறையில் எங்கே இடறுகிறது? இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இரண்டு மரபுகள்

இந்தப் பாடத்தின் பெயரிலேயே இரண்டு மரபுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது, பங்கு ஆய்வு. பெஞ்சமின் கிரகாம் 1928-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். டேவிட் டாட் என்பவருடன் சேர்ந்து 1934-இல் அவர் வெளியிட்ட 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' இத்துறையின் மூல நூல். நிறுவனத்தின் கணக்குகளைத் தோண்டிப் படி, அதன் உள்ளார்ந்த மதிப்பைக் கணி, அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைத்தால் வாங்கு என்பதே அந்த மரபு. 1951-இல் கொலம்பியாவில் பட்டம் பெற்ற வாரன் பஃபெட் அந்த வகுப்பின் மாணவர்.

இரண்டாவது மரபு சிகாகோவில் பிறந்தது. ஆய்வு மாணவராக இருந்த ஹாரி மார்கோவிட்ஸ் நூலகத்தில் ஜான் பர் வில்லியம்ஸின் 1938-ஆம் ஆண்டு நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. எதிர்பார்க்கும் வருவாய் மட்டும்தான் முக்கியம் என்றால், எல்லாப் பணத்தையும் மிக அதிக வருவாய் தரும் ஒரே பங்கில் போட்டுவிடலாமே? யாரும் அப்படிச் செய்வதில்லையே, ஏன்? பதில், ரிஸ்க். 1952 மார்ச்சில் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' இதழில் அவருடைய கட்டுரை வெளியானபோது அவருக்கு வயது 24. அவருடைய ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில், இது பொருளாதாரமே இல்லை என்று மில்டன் ஃப்ரீட்மன் வாதாடியது பின்னாளில் பிரபலமான கதையாயிற்று. 1990-இல் அந்தப் பணிக்கே பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

மார்கோவிட்ஸ் மாற்றிவைத்தது கேள்வியை. இந்தப் பங்கு நல்லதா என்ற கேள்வியின் இடத்தில், ஏற்கெனவே கையில் இருப்பவற்றோடு இதைச் சேர்த்தால் மொத்தம் என்னவாகும் என்ற கேள்வி வந்தது. ஒரு சிறு கணக்கில் இதைப் பார்க்கலாம். வருவாயின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம் பங்கு முதலீட்டுக்கு 20 சதவிகிதம், தங்கத்தினுடையது 15 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு சுழியம். பங்கில் 60, தங்கத்தில் 40 என்று பிரித்துப்போட்டால் தொகுப்பின் திட்ட விலக்கம் 13.4 சதவிகிதம். இரண்டில் சாதுவான தங்கத்தைத் தனியாக வைத்திருப்பதைவிடவும் இது குறைவு. துணிச்சலான ஒன்றைச் சேர்த்ததால் மொத்தம் சாதுவாகிவிட்டது. உள்ளுணர்வுக்கு எதிரான இந்த உண்மையை ஒரு மாணவர் தன் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கும் நாள்தான் இந்தப் பாடத்தின் உண்மையான தொடக்கம்.

அதன்பின் வந்தவை இந்த அடித்தளத்தின் மேல் எழுந்த மாடிகள். ரிஸ்க் இல்லாத சொத்து ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், யாருக்கும் பொருந்தும் ஒரே ரிஸ்க் தொகுப்பு போதும். அதில் எவ்வளவு, பத்திரமான முதலீட்டில் எவ்வளவு என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும் என்று 1958-இல் ஜேம்ஸ் டோபின் காட்டினார். 50 பங்குகளுக்கு 1,225 ஒட்டுறவுகளைக் கணிக்க வேண்டிய சுமையை, எல்லாவற்றையும் ஒரே சந்தைக் குறியீட்டோடு இணைத்து வில்லியம் ஷார்ப் 1963-இல் குறைத்தார். அடுத்த ஆண்டே மூலதனச் சொத்து விலையிடல் மாதிரி, அதாவது சி.ஏ.பி.எம்., வந்தது. சந்தையோடு ஒரு பங்கு எவ்வளவு அசைகிறது என்பதைக் காட்டும் பீட்டா என்ற சொல் அதன்பிறகுதான் வகுப்பறைக்குள் நிரந்தரமாகக் குடியேறியது.

சூத்திரத்துக்குள் போகும் எண்கள்

தேர்வுத்தாளில் வரும் கணக்கு எப்படியிருக்கும்? 'அ, ஆ என்ற இரு பங்குகளின் எதிர்பார்க்கும் வருவாய், திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு ஆகியவை கீழே தரப்பட்டுள்ளன. தொகுப்பின் ரிஸ்க்கைக் காண்க.' எண்கள் தரப்பட்டுள்ளன என்ற இடத்தில்தான் முக்கியமான பாடம் தொலைந்துபோகிறது. நிஜத்தில் அந்த எண்களை யாரும் தருவதில்லை. பழைய விலைகளிலிருந்து நாமே கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு எவ்வளவு நம்பகமானது?

ஒரு சந்தையின் ஆண்டு வருவாய்க்குத் திட்ட விலக்கம் 20 சதவிகிதம் என்றும், 25 ஆண்டுத் தரவு கையில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி வருவாயின் திட்டப் பிழை, 20-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. அதாவது 4 சதவிகிதம். சராசரி 12 சதவிகிதம் என்று வந்திருந்தால், உண்மையான சராசரி 4-லிருந்து 20-க்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றே புள்ளியியல் சொல்லும். கால் நூற்றாண்டுத் தரவை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ரிஸ்க்கின் கணிப்பு இதைவிடத் தேவலாம். வருவாயின் கணிப்புதான் மோசம்.

இந்தத் தளர்ந்த எண்களை எக்செல் சால்வரில் போட்டு, ரிஸ்க்குக்கு ஈடாகக் கிடைக்கும் கூடுதல் வருவாயை அளக்கும் ஷார்ப் விகிதத்தை அதிகபட்சமாக்கு என்று கட்டளையிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன நடக்குமென்று. பத்துப் பங்குகள் கொடுத்தால் இரண்டு மூன்றில் மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு மீதிக்குச் சுழியம் காட்டும். ஒரு பங்கின் எதிர்பார்க்கும் வருவாயை ஒரு சதவிகிதப் புள்ளி மாற்றினாலும் விடை தலைகீழாகிவிடும். கடந்த காலத்தில் அதிர்ஷ்டம் அடித்த பங்கையே சால்வர் தேடிப் பிடிக்கிறது. கணிப்பில் இருக்கும் பிழையை இந்த உகப்பாக்க முறை பெருக்கிக் காட்டுகிறது என்று ரிச்சர்ட் மிஷோ 1989-இலேயே எச்சரித்தார்.

2009-இல் டிமிகல், கார்லாப்பி, உப்பல் மூவரும் இதை முறையாகச் சோதித்தார்கள். பதினான்கு உகப்பாக்க மாதிரிகளை எடுத்து, ஏழு தரவுத் தொகுதிகளில், பணத்தைச் சமமாகப் பிரித்துப்போடும் எளிய முறையோடு மோதவிட்டார்கள். சமப் பங்கீட்டைத் தொடர்ந்து வென்ற மாதிரி ஒன்றுகூட இல்லை. 25 சொத்துகள் உள்ள தொகுப்பில் உகப்பாக்கம் சமப் பங்கீட்டை முந்த வேண்டுமானால் சுமார் 3,000 மாதத் தரவு தேவை என்பது அவர்கள் கணக்கு. அது 250 ஆண்டுகள். நம் நிஃப்டி குறியீட்டின் வயதோ முப்பதைச் சுற்றித்தான்.

மார்கோவிட்ஸைப் பாடத்திலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பிரித்துப் போடுவதன் பலன் அசைக்க முடியாதது. தசமப் புள்ளி வரை துல்லியமாக வரும் விடைதான் சந்தேகத்துக்குரியது. தம் ஓய்வூதியச் சேமிப்பை மார்கோவிட்ஸே பங்கிலும் கடன் பத்திரத்திலும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துப் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். சூத்திரத்தையும் அதன் வரம்பையும் ஒரே வாரத்தில் சேர்த்துச் சொல்லித்தரும் பாடத்திட்டம் நம்மிடம் அரிது.

தரவை எடுக்கும் இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. புராஜெக்ட் செய்யும் மாணவர் இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து, இருபது ஆண்டுக்கு முந்தைய விலைகளை இறக்கி, தொகுப்பு கட்டி, குறியீட்டை எளிதாக வென்றுவிட்டதாக அறிக்கை எழுதுவார். இன்றைய பட்டியலில் இருப்பவை ஜெயித்து வந்தவை. 2009-இல் வெளியேற்றப்பட்ட சத்யமோ, 2015-இல் உள்ளே வந்து 2020-இல் வெளியேறிய யெஸ் பேங்கோ அவர் கணக்கில் வராது. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணும் இந்தக் கோளாறு எத்தனையோ ஆய்வேடுகளில் ஆட்சேபணையின்றிக் கடந்துபோகிறது. டிவிடெண்டைச் சேர்க்காத விலைக் குறியீட்டோடு ஒப்பிடுவது இன்னொரு பழக்கம். மியூச்சுவல் ஃபண்டுகள் டிவிடெண்ட் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று 2018 முதல் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. வகுப்பறையும் அதைப் பின்பற்றலாம்.

வெல்வது யார்?

பங்கைத் தேர்ந்தெடுக்கும் திறமையால் சந்தையை வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு அறுபது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. மைக்கேல் ஜென்சன் 1968-இல் அமெரிக்காவின் 115 மியூச்சுவல் ஃபண்டுகளின் இருபதாண்டுக் கணக்கை அலசினார். ரிஸ்க்கைக் கழித்துப் பார்த்தால் சராசரி ஃபண்ட் தன் செலவுக்குக்கூடச் சம்பாதிக்கவில்லை. யூஜின் ஃபாமா 1970-இல் திறன்மிகு சந்தைக் கருதுகோளைத் தொகுத்தெழுதினார்: கிடைக்கும் செய்தியெல்லாம் விலைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டது. ஜான் போகிள் 1976-இல் வான்கார்டு நிறுவனத்தில் சாமானியருக்கான இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கினார்.

எதிர்த்தரப்புக்கும் வலுவுண்டு. பீட்டா மட்டுமே வருவாயை விளக்கிவிடவில்லை என்று 1992-இல் அதே ஃபாமாவும் கென்னத் ஃப்ரெஞ்சும் காட்டினார்கள். சிறு நிறுவனங்களும், புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் மலிவாகக் கிடைக்கும் நிறுவனங்களும் கூடுதல் வருவாய் தந்திருந்தன. அது ரிஸ்க்குக்கான கூலியா, முதலீட்டாளர்களின் மடமையா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. 2013-இல் நோபல் குழு ஃபாமாவுக்கும், சந்தைகள் உணர்ச்சியில் அலைகின்றன என்று வாதிட்ட ராபர்ட் ஷில்லருக்கும் ஒரே மேடையில் பரிசளித்தது. விவாதம் முடியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு தரப்பை அல்ல. தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்ற அளவை. 1926 முதலான அமெரிக்கப் பங்குகள் அத்தனையையும் ஆராய்ந்த ஹென்ட்ரிக் பெசம்பைண்டர், சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் 4 சதவிகித நிறுவனங்களிலிருந்தே வந்தது என்று 2018-இல் காட்டினார். மீதி எல்லாம் சேர்ந்து அரசுக் குறுங்காலப் பத்திரம் தந்த அளவையே தந்தன. அந்த 4 சதவிகிதம் எது என்று முன்கூட்டித் தெரியாதவருக்கு, எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்திருப்பதே வழி.

செலவு என்ற தலைப்பு பாடப்புத்தகங்களில் அரைப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. ஒரு லட்ச ரூபாய் ஆண்டுக்கு 12 சதவிகிதத்தில் முப்பது ஆண்டில் ஏறக்குறைய 30 லட்சமாகும். ஆண்டுக்கு ஒன்றரை சதவிகிதம் கட்டணமாகக் கழிந்து 10.5 சதவிகிதம் கையில் நின்றால், அதே பணம் 20 லட்சம். ஒன்றரை என்று சாதாரணமாகத் தோன்றிய எண் பத்து லட்சத்தைத் தின்றுவிட்டது. சந்தை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. செலவு எவ்வளவு என்று முதல் நாளே தெரியும். தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததைப் பற்றியே இரண்டு அலகுகள் நடத்துகிறோம்.

மனம் என்ற சரக்கு

டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் எளிது. அதே தொகை லாபமாக வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நஷ்டமாகப் போகும்போது வரும் வலி பெரிது. அதனால்தான் ஏறிய பங்கை அவசரமாக விற்று லாபத்தை எடுக்கிறோம். இறங்கிய பங்கை, வாங்கிய விலைக்காவது வரட்டும் என்று வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் அமெரிக்கப் புரோக்கர் நிறுவனம் ஒன்றின் 66,465 குடும்பக் கணக்குகளை 1991 முதல் 1996 வரை பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவிகிதம் தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களின் கைக்கு வந்தது 11.4 சதவிகிதம்தான்.

நடத்தைசார் நிதியியல் இப்போது பல பாடத்திட்டங்களில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் மிகைநம்பிக்கை, மந்தை மனப்பான்மை, நங்கூரமிடல் என்று பட்டியலிட்டு, சிறுகுறிப்பு வரைக என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். மிகைநம்பிக்கைக்கு இலக்கணம் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிய மாணவருக்குத் தன்னிடம் அது இருப்பது தெரியாமலே போகலாம். தெரிந்துகொள்ள எளிய வழி முடிவுக் குறிப்பேடு. வாங்கும் முன், ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் விற்பேன், எவ்வளவு காலம் வைத்திருப்பேன் என்று தேதியிட்டு எழுதி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். பருவ இறுதியில் அதைத் திருப்பி வாங்கிப் படிக்கும்போது, நடந்ததை முன்பே எதிர்பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியிருக்காது.

செய்து கற்பது: மூன்று வழிகள்

பாடத்தை நடைமுறையோடு இணைக்கப் பல்கலைக்கழகங்கள் கையாளும் முதல் வழி, பாவனை வர்த்தகம். ஆளுக்குப் பத்து லட்சம் பாவனைப் பணம். பருவ முடிவில் யார் தொகை அதிகமோ அவருக்குப் பரிசு. உற்சாகமான ஏற்பாடு, ஆனால் கற்றுக்கொடுப்பது தப்பான பாடம். அறுபது பேர் போட்டியிடும் நான்கு மாத ஆட்டத்தில் ஒழுங்காகப் பிரித்து முதலீடு செய்தவர் முதலிடம் பிடிக்க வாய்ப்பே இல்லை. மொத்தப் பணத்தையும் ஒரே உதிரிப் பங்கில் போட்ட யாரோ ஒருவர்தான் ஜெயிப்பார். அதே உத்தியில் கடைசி இடத்துக்குப் போன பத்துப் பேரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பாடம் எதை வேண்டாம் என்று சொல்கிறதோ, பரிசு அதற்குப் போகிறது. சட்டமும் இப்போது குறுக்கே நிற்கிறது. பாவனை வர்த்தகத் தளங்களுக்கு நிகழ்நேர விலைத் தரவைத் தரக்கூடாது என்றும், கல்விக்கானால் தாமதமான விலையே தரலாம் என்றும் 2024 மே மாதம் செபி சுற்றறிக்கை விட்டது. கல்வி நோக்கில் பார்த்தால் இது இழப்பே இல்லை. தொகுப்பு மேலாண்மைக்கு நொடிக்கு நொடி விலை தேவைப்படுவதில்லை.

இரண்டாவது வழி, மாணவர்கள் உண்மையான பணத்தைக் கையாளும் நிதி. அமெரிக்கக் கல்லூரிகளில் இது பழைய மரபு. டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற பொதுத்துறை மின் அமைப்பு, 1998 முதல் தன் முதலீட்டு நிதியில் ஒரு பகுதியை அந்த வட்டாரத்துப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்து நிர்வகிக்க வைக்கிறது. கொடுக்கும்போதே எதில் போடலாம், எதில் கூடாது, ஒரே பங்கில் அதிகபட்சம் எவ்வளவு என்ற வரம்புகளும் கூடவே வரும். மாணவர்கள் முதலீட்டுக் குழுவாகக் கூடி, ஒருவர் பரிந்துரைப்பதை மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டு, வாக்கெடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறார்கள். விலை ஏற்ற இறக்கத்தைவிட இந்தக் குழு நடைமுறைதான் அங்கே கிடைக்கும் பெரிய கல்வி. இதிலும் குறை உண்டு. நல்ல பங்கைக் கண்டுபிடிப்பதே வேலை என்ற நினைப்பு இங்கேயும் ஆட்சி செய்கிறது. பொறுப்பேற்ற மாணவர்கள் ஓரிரு ஆண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவதால் நீண்டகால முடிவின் விளைவை அவர்கள் பார்ப்பதே இல்லை. நம் நாட்டில் சில மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் இப்படிச் சிறு நிதிகள் இருக்கின்றன. ஆனால் மாணவர்களிடம் பணம் திரட்டி முதலீடு செய்வது கூட்டு முதலீட்டுச் சட்டத்தில் போய் முட்டும். நிறுவனத்தின் சொந்தப் பணமாக இருப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது வழி, தொழில்முறைத் தேர்வுகள். 1963-இல் முதல் தேர்வை நடத்திய சி.எஃப்.ஏ. படிப்பின் மூன்று நிலைகளில், தொகுப்பு மேலாண்மைக்கு அதிக எடை கிடைப்பது மூன்றாம் நிலையில். செபி 2006-இல் நிறுவிய தேசியப் பத்திரச் சந்தைகள் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம்., போர்ட்ஃபோலியோ மேலாளர்களுக்கெனத் தனித் தேர்வே நடத்துகிறது. பல கல்லூரிகள் இவற்றைக் கூடுதல் சான்றிதழாகப் பாடத்தோடு இணைக்கின்றன. விதிமுறை, வரி, வாடிக்கையாளர் பொறுப்பு போன்றவை இத்தேர்வுகளில் சரியாக வருகின்றன. ஏன் என்று கேட்கும் பழக்கம் தேர்வில் வராது. அதைப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும்.

யாருடைய பணம்?

சி.எஃப்.ஏ. மூன்றாம் நிலையின் அச்சாணி ஓர் ஆவணம்: முதலீட்டுக் கொள்கை அறிக்கை. பணம் யாருடையது, எதற்காக, எப்போது தேவை, எவ்வளவு நஷ்டத்தைத் தாங்க முடியும், வரி என்ன, அவசரத்துக்கு எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். எந்தப் பங்கு என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும்.

வகுப்பறைக்கு ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதில் ஓய்வு பெறும் ஒரு தனியார் நிறுவன ஊழியர். கையில் 40 லட்சம் ரூபாய். மாதம் 25,000 வேண்டும். விலைவாசிக்கேற்ப அது ஆண்டுக்கு 6 சதவிகிதம் கூட வேண்டும். எல்லாவற்றையும் 7 சதவிகித வைப்புநிதியில் போடுகிறார் என்றால் பணம் ஏறத்தாழ 14 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அவருக்கு அப்போது 74 வயது. 'பத்திரமான' முதலீட்டில் ஒளிந்திருந்த ரிஸ்க் இதுதான்; திட்ட விலக்கம் இதைக் காட்டாது.

சரி, பாதியைப் பங்கில் போடலாம் என்று ஒரு மாணவர் சொல்வார். முதலாண்டே சந்தை 30 சதவிகிதம் விழுகிறது என்று வைத்துப் பார்ப்போம். பங்கில் இருந்த 20 லட்சம் 14 ஆகிறது. வைப்புநிதியின் 20 லட்சம் 21.4 ஆகிறது. செலவுக்கு 3 லட்சம் எடுத்த பிறகு மிச்சம் 32.4 லட்சம். அடுத்த ஆண்டு தேவை 3.18 லட்சம். கையிருப்பில் அது கிட்டத்தட்ட 10 சதவிகிதம். இந்த வேகத்தில் எடுத்தால் பங்குகள் மீண்டு வரும்போது மீள்வதற்குப் பணம் மிஞ்சாது. நீண்டகாலத்தில் சராசரி 12 சதவிகிதம் என்ற ஆறுதல் இவருக்கு உதவாது. எந்த வரிசையில் அந்த வருவாய் வருகிறது என்பதே இவர் தலைவிதி.

அப்படியானால் விடை? மாதத் தேவையைக் குறைக்க முடியுமா, இன்னும் மூன்று ஆண்டு பகுதிநேர வேலை பார்க்க முடியுமா, 30 லட்சம் வரை ஏற்கும் முதியோர் சேமிப்புத் திட்டத்தில் எவ்வளவு, பங்கில் போட்டால் குறைந்தது ஐந்தாண்டுச் செலவைத் தனியே ஒதுக்க முடியுமா, சொந்த வீடு உண்டா, மருத்துவக் காப்பீடு உண்டா? இத்தனை கேள்வியும் தொகுப்பு மேலாண்மைதான். இதே 40 லட்சம் முப்பது வயதுக்காரரிடம் இருந்தால் எல்லா விடையும் மாறும். ஒரே பங்குப் பட்டியல், ஒரே பீட்டா, ஒரே சால்வர். ஆள் மாறினால் தொகுப்பு மாறுகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் டேவிட் ஸ்வென்சன். டோபினின் மாணவரான அவர் 1985-இல் யேல் பல்கலைக்கழக அறக்கொடை நிதியின் பொறுப்பை ஏற்றபோது அது சுமார் 100 கோடி டாலர். 2021-இல் அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு 3,000 கோடி டாலருக்கு மேல். நிதியை நிர்வகித்துக்கொண்டே அங்கே வகுப்பும் எடுத்தார். முதலில் அவர் கேட்டது, இந்தப் பணத்தின் சொந்தக்காரர் யார் என்பதைத்தான். நூற்றாண்டுகள் வாழப்போகும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நாளைக்கே பணம் தேவையில்லை. ஆகவே உடனே விற்க முடியாத சொத்துகளில் துணிந்து போடலாம். அதே தொகுப்பைத் தனிநபர்கள் நகலெடுக்க வேண்டாம் என்றும், அவர்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டே போதும் என்றும் இன்னொரு நூலில் எழுதினார்.

வரிசையைத் திருப்பினால்

இப்போது நம் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழக எம்.பி.ஏ.வில் விருப்பப் பாடமாக வரும் இத்தாளின் ஐந்து அலகுகள்: முதலீட்டுச் சூழல், பங்குச் சந்தைகள், அடிப்படைப் பகுப்பாய்வு, தொழில்நுட்பப் பகுப்பாய்வு, ஐந்தாவதாகத் தொகுப்பு மேலாண்மை. தொகுப்புத் தேர்வு, சி.ஏ.பி.எம்., திருத்தம், மதிப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அந்தக் கடைசி அலகில் நெருக்கியடித்து நிற்கின்றன. மற்றப் பல்கலைக்கழகங்களிலும் ஏறக்குறைய இதே அடுக்குதான். ஃபிஷர்–ஜோர்டன், பிரசன்ன சந்திரா, புனிதவதி பாண்டியன் என நம் மாணவர்கள் கையாளும் நூல்களின் போக்கும் பெரும்பாலும் பங்கில் தொடங்கித் தொகுப்பில் முடிவதே. பருவத்தின் கடைசி வாரங்களில் விடுமுறையும் உள்தேர்வும் போக மிஞ்சும் நேரத்தில் ஐந்தாம் அலகு ஓடி முடியும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல.

இந்த வரிசை மாணவர் மனத்தில் ஒரு செய்தியைப் பதியவைக்கிறது: முதலீடு என்பது முதலில் பங்கைக் கண்டுபிடிப்பது, பிறகு கண்டுபிடித்தவற்றை அடுக்குவது. மேலே பார்த்த ஆராய்ச்சி முழுவதும் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. பங்குத் தேர்வில் திறமை அரிது, அதன் பலன் உறுதியற்றது. பிரித்துப் போடுவது, செலவைக் குறைப்பது, வரியைக் கணக்கில் வைப்பது, தேவைக்கேற்பப் பங்கிடுவது, இறங்கும்போது பதறாதிருப்பது ஆகியவற்றின் பலன் ஒப்பீட்டளவில் உறுதியானது. உறுதியானதைக் கடைசி அலகிலும் உறுதியற்றதை அதற்கு முந்தைய இரண்டு அலகுகளிலும் வைத்திருக்கிறோம்.

மாற்று என்ன? முதல் அலகில் முதலீட்டாளர்: கொள்கை அறிக்கை, ஓய்வுபெற்றவர் வழக்கு, வைப்புநிதி, பி.எஃப்., என்.பி.எஸ்., தங்கம், காப்பீடு என்று நம் வீடுகளில் உண்மையில் இருக்கும் சொத்துகள். இரண்டாவதில் பிரித்துப் போடுதலும், அதற்கான கணக்கும், அந்தக் கணக்கின் திட்டப் பிழையும் சேர்ந்து. மூன்றாவதில் சந்தைத் திறன், செலவு, வரி, இண்டெக்ஸ் முதலீடு. 2024 ஜூலை 23 முதல் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவிகிதம், குறுகியகாலத்துக்கு 20 சதவிகிதம் என்ற விகிதத்தை வைத்து ஒரே தொகுப்பை இருவிதமாகத் திருத்திப் பார்க்கலாம். நான்காவதில் அடிப்படைப் பகுப்பாய்வு, இத்தனையும் தெரிந்த கண்களோடு. ஐந்தாவதில் நடத்தை, மறுசீரமைப்பு, செயல்பாட்டு மதிப்பீடு. தொழில்நுட்பப் பகுப்பாய்வுக்கு ஒரு முழு அலகு தேவையா என்பதைத் துறைகள் மறுபரிசீலனை செய்யலாம். வரைபடத்தில் தலையும் தோளும் தேடும் கலையைச் சமூக ஊடகங்கள் இலவசமாகவே சொல்லித்தருகின்றன.

தேர்வும் மாறாமல் பாடம் மாறாது. எண்களைத் தந்து விடை கேட்கும் வினாவோடு, எண்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் வினாவும் வேண்டும். பாவனை வர்த்தகம் நடத்தினால் வருவாய்க்கு மதிப்பெண் கூடாது. கொள்கை அறிக்கையிலிருந்து விலகாமல் இருந்தாரா, விலகியிருந்தால் காரணத்தை முன்கூட்டியே எழுதினாரா என்பதற்கு மதிப்பெண் தரலாம். நான்கு மாத வருவாயில் அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று பிரிக்க எந்தப் பேராசிரியராலும் முடியாது. எடுத்த முடிவின் நியாயத்தை மதிப்பிட முடியும்.

தடைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. வணிகவியலில் இருந்து வரும் மாணவர்களுக்கு அணிக்கணிதப் பழக்கம் குறைவு. ஆசிரியர்களில் பலருக்குத் தங்கள் சம்பளச் சேமிப்பைத் தாண்டிய முதலீட்டு அனுபவம் இருக்காது. ஆய்வகத்தில் விலைமிக்க தரவுச் சேவைகள் கிடையாது. ஆனால் மேலே சொன்ன கணக்குகளில் ஒன்றுக்கும் எக்செலைத் தாண்டிய கருவி தேவைப்படவில்லை. குறியீடுகளின் பழைய தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இந்தத் தாளை எழுதிவிட்டு வெளியே வரும் மாணவர்களில் ஃபண்ட் மேலாளராகப் போவோர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் அத்தனை பேரும் ஒரு தொகுப்பை நிர்வகிக்கத்தான் போகிறார்கள்: சொந்தச் சேமிப்பு, பெற்றோரின் ஓய்வுக்காலப் பணம், பிள்ளைகளின் படிப்புச் செலவு. ஆயிரத்தில் அந்த ஒருவருக்காக எழுதப்பட்ட பாடத்திட்டத்தை மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்காக மாற்றி எழுதினால், அந்த ஒருவருக்கும் நஷ்டமில்லை. பிறர் பணத்தைக் கையாளப் போகிறவர் முதலில் கற்க வேண்டியதும் அந்தப் பணம் யாருடையது என்பதைத்தான்.